கசட்டை ஊறவைத்து அரைப்பது எப்படி: கழிவுநீர் ஆலையில் கூடுதல் பயோகேஸ் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை யாரும் அப்படியே அள்ளிப் போடுவதில்லை. முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் ஆட்டுக்கல்லில் ஆட்டித்தான் வைப்பார்கள். தவிட்டுக்கு அந்தப் பாடு கிடையாது. தண்ணீரில் கலக்கினாலே போதும். கழிவுநீர் ஆலையின் டைஜஸ்டரும், அதாவது கழிவுநீரில் படியும் கசட்டைக் காற்றில்லாமல் செரிக்க வைத்து வாயு எடுக்கும் மூடிய கலனும், ஒரு மாட்டு வயிறுதான். அதற்குள் போகும் இரண்டு வகைக் கசட்டில் ஒன்று தவிடு, மற்றது பருத்திக்கொட்டை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றிவிட்டு, "வாயு போதவில்லை" என்று புலம்பும் ஆலைகள்தான் அதிகம்.

சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கசட்டு வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுப்பது நம் ஊருக்குப் பழகிய காட்சி. அதே கசட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் வாயு எடுக்க முடியுமா என்ற கேள்விக்கான வழிகாட்டி இது. ஆலையை இயக்குபவர்கள், வடிவமைப்பவர்கள், சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்கள் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இதில் வரும் கணக்குகள் பள்ளிக்கூடக் கணக்குகள்தான். பல திட்ட அறிக்கைகள் அந்தக் கணக்கையே போடாமல் கருவியின் விலைப்பட்டியலுக்குப் போய்விடுகின்றன என்பது என் நெடுநாள் குறை.

படி 1: எந்தக் கசடு அடம்பிடிக்கிறது?

முதல்நிலைத் தொட்டியில் படியும் கசடு என்பது மலம், உணவுத் துணுக்கு, எண்ணெய், காகித நார் ஆகியவற்றின் கலவை. டைஜஸ்டரில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு இது தவிடு. அதன் கரிமப் பங்கில் பாதிக்கு மேல் எளிதாக வாயுவாகிவிடும்.

காற்றூட்டும் தொட்டியிலிருந்து வெளியேற்றும் உபரிக் கசடு அப்படியல்ல. அது கழிவைத் தின்று வளர்ந்த நுண்ணுயிர்களின் கூட்டம். ஒவ்வொரு செல்லுக்கும் கெட்டியான சுவர் உண்டு. போதாததற்கு, செல்களைப் பிணைத்து வைக்கும் புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் கலந்த பிசின் வேறு. டைஜஸ்டரில் நடக்கும் நான்கு கட்ட வேலைகளில் முதலாவது, பெரிய மூலக்கூறுகளை உடைத்துக் கரைப்பது. பிறகு அமிலங்கள், அசிட்டேட், கடைசியில் மீத்தேன். உபரிக் கசட்டைப் பொறுத்தவரை முதல் கட்டத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது. அதனால் அதன் கரிமப் பங்கில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை சிதைந்தாலே பெரிய காரியம். முன்பதப்படுத்தல் என்பது இந்த முதல் கட்டத்தை டைஜஸ்டருக்கு வெளியே, வேறு வழியில் செய்து கொடுப்பதுதான். இல்லாத வாயுவை அது உண்டாக்குவதில்லை, பூட்டியிருப்பதைத் திறந்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, இரண்டு கசடுகளும் வரும் குழாய்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. முதல்நிலைக் கசட்டை முன்பதப்படுத்துவதில் பெரும்பாலும் பலனில்லை. நீண்ட நேரம் காற்றூட்டும் வகை ஆலை என்றால் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: கசடு இருபது நாளுக்கு மேல் காற்றில் கிடந்து தன்னைத்தானே தின்று தீர்த்திருக்கும். முன்பதப்படுத்தினால் "நாற்பது சதவீதம் உயர்வு" என்று காகிதத்தில் அழகாக வரலாம். ஆனால் அது சின்னத் தொகையின் நாற்பது சதவீதம்.

படி 2: இப்போது எவ்வளவு செரிக்கிறது?

உள்ளே போகும் கசட்டில் எரியக்கூடிய பங்கு எவ்வளவு, வெளியே வருவதில் எவ்வளவு என்று பாருங்கள். 105 டிகிரியில் உலர்த்தி எடை, பிறகு 550 டிகிரி உலையில் எரித்து எடை. எரிந்து போனதுதான் கரிமப் பங்கு. இரண்டு எண்களும் பின்னமாகக் கிடைத்தால் கணக்கு இப்படி: உள் பங்கிலிருந்து வெளிப் பங்கைக் கழியுங்கள். அதை, உள் பங்கிலிருந்து இரண்டு பங்குகளின் பெருக்கலைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். உதாரணமாக உள்ளே 0.65, வெளியே 0.54 என்றால் மேலே 0.11, கீழே 0.299, விடை ஏறத்தாழ 37 சதவீதம். டைஜஸ்டரின் அடியில் மணல் தங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சூத்திரம் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். வெளியே வராத மணலும் செரிமானக் கணக்கைக் குழப்பும்.

மணல் இன்னொரு வகையிலும் கெடுதல். 20 நாள் தங்க வேண்டும் என்று வடிவமைத்த கலனில் மூன்றில் ஒரு பங்கு மணல் நிரம்பிவிட்டால் கசடு 13 நாளில் வெளியே போய்விடும். கலக்கி வேலை செய்யவில்லை, வெப்பம் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது, கசட்டைக் கெட்டியாக்கும் திக்கனரிலிருந்து வெறும் கலங்கல் தண்ணீர்தான் வருகிறது என்ற நிலையில் கோடிக்கணக்கில் முன்பதப்படுத்தும் கருவி வாங்குவது, பல்வலிக்காரனுக்கு நல்ல சாப்பாடு போடுவது மாதிரி. முதலில் பல்லைப் பாருங்கள்.

மணலை எடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் அழுகல் வாடையே தெரியாது. தெரியாமலே ஆள் விழுந்துவிடுவார். கலனைக் காலி செய்து, காற்றோட்டம் கொடுத்து, வாயு அளந்து, அனுமதிச் சீட்டு எழுதி, முடிந்தவரை கருவியால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது.

படி 3: தண்ணீரைக் குறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உபரிக் கசடு தொட்டியிலிருந்து வரும்போது ஒரு சதவீதம்கூடத் திடப்பொருள் இருக்காது; மீதி எல்லாம் தண்ணீர். எந்த முறையில் முன்பதப்படுத்தினாலும் செலவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீருக்கே போகிறது. ஒரு கன மீட்டர் கசட்டை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 46 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். கசடு கெட்டியா, நீர்த்ததா என்பது இந்த எண்ணை அவ்வளவாக மாற்றாது.

வரவைப் பார்ப்போம். கசடு 4 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் 40 கிலோ திடப்பொருள். அதில் 65 சதவீதம், அதாவது 26 கிலோ, கரிமப் பங்கு. கிலோவுக்கு 200 லிட்டர் மீத்தேன் என்று வைத்தால் 5.2 கன மீட்டர். மீத்தேன் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம். ஆக 52 யூனிட். முன்பதப்படுத்தி 20 சதவீதம் கூடினால் 62. கூடுதலாகக் கிடைத்தது 10 யூனிட். அதற்காகச் செலவழித்தது 46. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆனால் அதே கணக்கை எஞ்சினின் கழிவு வெப்பத்தை வைத்துப் போடுங்கள். அந்த வெப்பம் எப்படியும் ரேடியேட்டர் வழியே காற்றில்தான் போகிறது. எஞ்சினுக்குள் போகும் ஆற்றலில் 38 சதவீதம் மின்சாரமாகவும், இன்னொரு 40 சதவீதம் பிடிக்கக்கூடிய வெப்பமாகவும் வருகிறது என்று வைப்போம். 62 யூனிட்டில் 25 யூனிட் வெப்பம். 46 தேவைக்கு இது போதாது. சூடான கசட்டின் வெப்பத்தை உள்ளே வரும் குளிர்ந்த கசட்டுக்கு மாற்றிப் பாதியைத் திரும்பப் பெற்றால், மயிரிழையில் தேறும். கசட்டை 8 சதவீதத்துக்குக் கெட்டியாக்கினாலோ, அதே 20 சதவீத உயர்வோடு வாயு ஆற்றல் 125 யூனிட். கழிவு வெப்பம் 50. வெப்பமாற்றி இல்லாமலே 46-ஐத் தாண்டிவிட்டோம். குழாய், கலன்களின் வெப்ப இழப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

அதனால் பெல்ட் திக்கனரோ, டிரம் திக்கனரோ, சென்ட்ரிஃபியூஜோ எதுவாக இருந்தாலும் முதல் பணத்தை அதில் போடுங்கள். கெட்டியாக்குவதால் டைஜஸ்டரில் தங்கும் நாட்களும் கூடும். சில ஆலைகளில் அந்த லாபமே போதுமானதாகி, முன்பதப்படுத்தும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதுவும் நல்ல முடிவுதான்.

படி 4: எந்த முறை?

குறைந்த வெப்ப முறை. 60 முதல் 90 டிகிரி வரை, சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை. தேவையானது வெப்பம் காத்த ஒரு தொட்டி, ஒரு வெப்பமாற்றி, ஒரு பம்ப். அழுத்தக் கலன் கிடையாது. கொதிகலன் சட்டதிட்டங்களின் தலைவலியும் இல்லை. 70 டிகிரியில் வெறும் வெப்பம் மட்டுமல்லாமல், அந்தச் சூட்டை விரும்பும் பாக்டீரியாக்களின் நொதிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. எஞ்சின் வெப்பம் வீணாகப் போகும் நடுத்தர ஆலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். வெப்ப நாடுகளில் கசடே 28, 30 டிகிரியில் வருவதும், டைஜஸ்டரைத் தனியாகச் சூடாக்க அதிகம் தேவைப்படாததும் இதற்குச் சாதகம்.

நீராவி வெடிப்பு முறை. பிரஷர் குக்கர் வைத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வீட்டுக் குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி. இங்கே கசட்டை 16 சதவீதம் அளவுக்குக் கெட்டியாக்கி, கலனில் அடைத்து, நீராவி செலுத்தி 150 முதல் 170 டிகிரி வரை கொண்டுபோய் 20, 30 நிமிடம் வைக்கிறார்கள். 165 டிகிரியில் குக்கரைப் போல ஆறு மடங்கு அழுத்தம் இருக்கும். பிறகு சட்டென்று அழுத்தத்தை விடுவார்கள். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி விரிய, சுவர் கிழிகிறது. நார்வேயின் கேம்பி நிறுவனம் 1990-களின் நடுவில் ஹாமர் நகர ஆலையில் முதன்முதலாக இதை நிறுவியது.

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வாஷிங்டன் நகரின் புளூ பிளெய்ன்ஸ் ஆலை சரியான இடம். அங்கே முன்பு டைஜஸ்டரே கிடையாது. கசட்டில் சுண்ணாம்பு கலந்து லாரி லாரியாக வயலுக்கு அனுப்பினார்கள். 2014, 2015-இல் நீராவி வெடிப்பு முறையையும் நான்கு டைஜஸ்டர்களையும் இயக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு, வெளியே போகும் கசடு ஏறத்தாழ பாதியானது. வாயு டர்பைன்கள் வழியே ஆலையின் மின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும் வகையில் வடிவமைத்தார்கள். டர்பைனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: அதன் புகை மிகச் சூடாக வருவதால் கசட்டுக்கு வேண்டிய நீராவியை அதிலிருந்தே எடுக்கலாம். சாதாரண எஞ்சினின் வெப்பத்தில் பாதி, தண்ணீர் உறையிலிருந்து 90 டிகிரியில்தான் வருகிறது. அதை வைத்து 165 டிகிரி நீராவி எடுக்க முடியாது.

புளூ பிளெய்ன்ஸிலிருந்து கற்க வேண்டியது கூடுதல் வாயு மட்டுமல்ல. வெடித்த கசடு, கெட்டியாக இருந்தாலும் கஞ்சி போல ஓடும். அதனால் டைஜஸ்டருக்கு வழக்கமான 4, 5 சதவீதத்துக்குப் பதில் 9, 10 சதவீதத்தில் ஊட்டலாம்; கலனின் அளவு பாதியானால் போதும். புதிதாக டைஜஸ்டர் கட்டப்போகும் பெருநகருக்கு இந்த முறை கட்டுப்படியாவதற்கு முதன்மைக் காரணம் இந்தச் சிமென்ட் மிச்சம்தான். டைஜஸ்டர் ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் ஆலைக்கு இதே வாதம் பொருந்தாது.

170 டிகிரியைத் தாண்டாதீர்கள். வெல்லப்பாகு கருகுவதைப் போல, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பு நிறப் பொருள்களாக மாறும். அவற்றை எந்தப் பாக்டீரியாவும் எளிதில் தின்பதில்லை. வாயு அதிகரிக்காது, வெளியேறும் தண்ணீர் டீ நிறத்தில் வரும், கடைசியில் புற ஊதா ஒளியால் கிருமி நீக்கும் ஆலைகளுக்கு அந்த நிறமே தொல்லை.

மீயொலி முறை. 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் நுண்குமிழிகள் உண்டாகி வெடித்து, கசட்டைச் சிதைக்கின்றன. ஆய்வகத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் கட்டுரைகளில் காணும் அளவான, கிலோ திடப்பொருளுக்கு 5,000 கிலோஜூல் என்பதைப் பாருங்கள்: 1.4 யூனிட் மின்சாரம். அந்த ஒரு கிலோவிலிருந்து 30 சதவீதம் கூடுதல் வாயு வந்தாலும் 0.39 யூனிட் வெப்பம். எஞ்சினில் ஓட்டினால் 0.15 யூனிட் மின்சாரம். ஒன்பது ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்கும் கதை. கெட்டியாக்கிய உபரிக் கசட்டில் ஒரு பகுதியை மட்டும், ஆய்வகத்தை விட மிகக் குறைந்த அளவில் பதப்படுத்தும் ஆலைகளில்தான் இது நிலைக்கிறது.

காரம் சேர்த்தல். காஸ்டிக் சோடா செல் சுவரைக் கரைக்கும். சாதாரண வெப்பத்திலேயே வேலை நடக்கும், 60, 70 டிகிரி சூட்டோடு சேர்த்தால் இன்னும் வேகம். ஒரு டன் உலர் கசட்டுக்கு 50 முதல் 100 கிலோ வரை பிடிக்கும். பணம் ஒருபுறம் இருக்க, சோடியத்தைக் கணக்கிடுங்கள். 8 சதவீதக் கசட்டில் டன்னுக்கு 100 கிலோ வீதம் சேர்த்தால் லிட்டருக்கு 4.6 கிராம் சோடியம் வந்துவிடும். 3.5 கிராமைத் தாண்டினாலே மீத்தேன் நுண்ணுயிர்கள் திணறும். 8 கிராமில் படுத்துவிடும். முதல்நிலைக் கசடு கலந்து நீர்க்கும்போது தப்பிக்கலாம், ஆனாலும் விளிம்பில் நிற்கிறோம். சுண்ணாம்பு மலிவு, ஆனால் கரைக்கும் சக்தி குறைவு, குழாயில் பாறை மாதிரி படியும்.

ஓசோன், நுண்ணலை, பெராக்சைடு ஆகியவையும் உண்டு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நல்லவை.

படி 5: சொந்தக் கசட்டில் சோதனை

கருவி விற்பவர் காட்டும் வரைபடம் வேறோர் ஊரின் கசட்டுக்கு உரியது. உங்கள் கசட்டில் பாட்டில் சோதனை செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். அரை லிட்டர் பாட்டில்கள், உங்கள் டைஜஸ்டரிலிருந்தே எடுத்த, உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்த விதைக் கசடு. முதலில் விதைக் கசட்டை நாலைந்து நாள் சூட்டில் வைத்து, அதில் மிச்சமிருக்கும் வாயுவை வெளியேற விடுங்கள். பிறகு கரிம எடைக் கணக்கில் விதை இரண்டு பங்கு, சோதனைக் கசடு ஒரு பங்கு. ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். வெறும் விதை மட்டும் மூன்று, தூய செல்லுலோஸ் சேர்த்தது மூன்று, பதப்படுத்தாத கசடு மூன்று, பதப்படுத்தியது மூன்று. வெப்பம் 37 டிகிரி, அல்லது உங்கள் டைஜஸ்டர் உண்மையில் ஓடும் வெப்பம். ஏறத்தாழ 30 நாள், தினசரி வாயு மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குக் கீழே போகும் வரை. செல்லுலோஸ் கிராமுக்கு 414 மில்லிலிட்டர் மீத்தேன் கொடுக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு; அதில் 85 சதவீதமாவது வரவில்லை என்றால் விதை சரியில்லை, சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பதப்படுத்திய கசட்டில் ஆவியாகும் அமிலங்கள் கூடியிருக்கும். 105 டிகிரி அடுப்பில் அவை பறந்துவிடுவதால் எடை குறைந்து தெரியும். அந்தக் குறைந்த எடையால் வாயுவை வகுத்தால் பலன் ஊதிப் பெருத்துத் தெரியும். இரண்டு வகைப் பாட்டில்களுக்கும், பதப்படுத்துவதற்கு முன் இருந்த கரிம எடையாலேயே வகுங்கள்.

இன்னொன்று, "கரைந்த சிஓடி (தண்ணீரில் கரைந்துள்ள கரிமப் பொருளின் அளவுகோல்) ஐந்து மடங்கு ஏறிவிட்டது" என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கரைந்ததெல்லாம் மீத்தேன் ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வரைபடத்தைப் படிக்கும்போது கடைசி உயரத்தையும் தொடக்கச் சரிவையும் தனித்தனியே பாருங்கள். பதப்படுத்திய கசடு வேகமாக ஏறி, 30-ஆம் நாள் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால், கிடைத்தது வேகம் மட்டுமே. 25 நாள் தங்கும் டைஜஸ்டருக்கு அதனால் அதிகப் பயனில்லை. 12 நாளில் வெளியே தள்ளும் ஆலைக்கு அதே வேகம் பெரிய வரம்.

படி 6: நிறுவுதல், மெல்ல ஊட்டுதல்

உபரிக் கசட்டு வரிசையில் மட்டும், திக்கனருக்குப் பிறகு, டைஜஸ்டருக்கு முன் வையுங்கள். அதற்கும் முன்னால் 5 மில்லிமீட்டர் அளவிலான சல்லடை ஒன்று கட்டாயம். தலைமுடி, பிளாஸ்டிக் நூல், துணி இழை எல்லாம் திரண்டு வெப்பமாற்றியில் கயிறு திரிக்கும். சுற்றுக்குழாய், அதாவது கருவி நின்றாலும் கசடு நேராக டைஜஸ்டருக்குப் போகும் வழி, இருக்கட்டும். சூடான கசடு டைஜஸ்டருக்குள் போகும் முன் குளிர வேண்டும். 37 டிகிரிக் கலனின் வெப்பம் ஒரே நாளில் இரண்டு டிகிரி ஏறினாலும் மீத்தேன் நுண்ணுயிர்களுக்குப் பிடிக்காது.

முதல் வாரம் உபரிக் கசட்டில் கால் பங்கை மட்டும் பதப்படுத்தி அனுப்புங்கள். ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். 0.3-க்குக் கீழே இருந்தால் அடுத்த வாரம் பாதி, பிறகு முக்கால். 0.4-ஐத் தொட்டால் ஊட்டத்தைக் குறைத்துக் காத்திருங்கள். பிஎச் இறங்கும் வரை காத்திருந்து நடவடிக்கை எடுப்பது, குடம் கவிழ்ந்த பிறகு தாங்கிப் பிடிப்பது போல. பிஎச் எப்போதும் கடைசியில்தான் தகவல் சொல்லும்.

படி 7: பின்னால் வரும் பில்

கசடு நன்றாகச் செரித்தால் அதன் புரதத்தில் இருந்த நைட்ரஜன் அமோனியாவாக வெளியே வரும். நீராவி முறையில் கெட்டியாக ஊட்டும் டைஜஸ்டர்களில் லிட்டருக்கு 2.5, 3 கிராம் வரை ஏறும். அந்த அளவில் பிஎச் சற்றே கூடினாலும் மீத்தேன் நுண்ணுயிர்கள் சுணங்கும். அதோடு முடிவதில்லை. செரித்த கசட்டைப் பிழியும்போது வரும் தண்ணீர் ஆலையின் தலைவாசலுக்கே திரும்புகிறது. அந்த அமோனியாவைப் போக்கக் காற்றூட்டும் தொட்டியின் புளோயர்கள் கூடுதலாக ஓட வேண்டும். வாயுவில் சம்பாதித்த மின்சாரத்தில் ஒரு பங்கு இங்கே போகும். புளூ பிளெய்ன்ஸில் இந்தப் பிழிநீருக்கென்றே தனிச் சுத்திகரிப்பு கட்டினார்கள். அமோனியாவைக் குறைந்த காற்றில் நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் பாக்டீரியாக்களைக் கொண்டது அது. உங்கள் திட்ட மதிப்பீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிழிவதிலும் முறைக்கு முறை வித்தியாசம் உண்டு. நீராவி முறையில் செரித்த கசடு நன்றாகப் பிழியும். 30 சதவீதத் திடப்பொருள் வரை கட்டியாக வரும், லாரி நடைகள் குறையும். மீயொலியிலும் காரத்திலும் துகள்கள் நுண்ணியதாகிவிடுவதால், அவற்றைத் திரட்டித் தண்ணீரைப் பிரிக்கச் சேர்க்கும் பாலிமர் அதிகம் கேட்கலாம். பாட்டில் சோதனை முடிந்ததும் மிச்சமிருக்கும் கசட்டை வீணாக்காமல் பாலிமர் சோதனைக்கும் அனுப்புங்கள்.

வாயு கூடினால் அதோடு கந்தகமும், ஷாம்பு, அழகுப் பொருட்களிலிருந்து வரும் சிலாக்சேனும் கூடவே வரும். சிலாக்சேன் எஞ்சினுக்குள் எரிந்து கண்ணாடி மணலாகப் படியும். ஹைட்ரஜன் சல்பைடு கழுவும் கோபுரத்தையும் கரித்தூள் வடிகட்டியையும் புதிய வாயு அளவுக்கு ஏற்ப மறுபடி கணக்கிட வேண்டும்.

முழு அளவில் ஓடத் தொடங்கியபின், தங்கும் நாட்களைப் போல மூன்று மடங்கு காலம், அதாவது 20 நாள் டைஜஸ்டர் என்றால் இரண்டு மாதம், கடந்த பிறகுதான் படி 2-இல் போட்ட செரிமானக் கணக்கைத் திரும்பப் போடலாம். அதற்கு முன் வரும் எண்ணில் பழைய கசடும் கலந்திருக்கும். அந்த இரண்டு மாதத்துக்குள் வாயு மீட்டரைக் கழற்றி அளவுதிருத்தம் செய்துவிடுங்கள். ஈரமான கசட்டு வாயுவில் பல ஆண்டுகள் கிடந்த மீட்டர் குறைத்துக் காட்டவும் செய்யும், கூட்டிக் காட்டவும் செய்யும்.